பழைய கணினியில் இன்னும் பணம் போடலாமா, புதிது வாங்கிவிடலாமா? படம் வரைகிற ஒருவருக்கு எழுதிய பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் ஐ5-4460, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 10. கிரிட்டா என்ற படம் வரையும் மென்பொருளில் புத்தக அட்டைகளும் சிறுவர் கதைப் படங்களும் வரைகிறீர்கள். ஏ3 அளவு, 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி). லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படலம்) இருபதைத் தாண்டினால் பேனா முன்னால் போகிறது, கோடு பின்னால் வருகிறது. சேவ் கொடுத்தால் டீ போட்டுவிட்டு வந்துவிடலாம். கடைக்காரர் "இதுக்கு இனிமே செலவு பண்ணாதீங்க, புதுசு எடுத்துடுங்க" என்கிறார். கையில் இருப்பது 20,000 ரூபாய். அப்பா வாங்கிக் கொடுத்த மெஷின் என்பதால் மனசும் வரவில்லை. என்ன செய்வது?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் வேலைக்கு இந்த மெஷின் இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம் தாங்கும். அதற்காக 20,000-ஐயும் இதற்குள்ளேயே போட்டுவிடவும் வேண்டாம். இந்த மாதிரி நேரத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான்: இன்றைக்கு வாங்கும் பொருள், அடுத்து வாங்கப்போகும் கணினிக்கும் கூடவே வருமா? வரும் என்றால் தயங்காமல் நல்லதாக வாங்கலாம். இந்த மதர்போர்டோடு அதன் ஆயுளும் முடிந்துவிடும் என்றால், பழைய பொருளாக, மலிவாக, தேவைக்கு மட்டும் வாங்கினால் போதும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதுதான்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் எது மெதுவாக இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து வேறு வேறு நோய் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சில வருஷம் முன்னால் எனக்கும் இதே பிரச்சினை வந்தது. பெரிய பிரஷ்ஷில் வண்ணம் பூசினால் திக்கித் திக்கி வந்தது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு அட்டைப்பட வேலையின் சம்பளத்தை அதில் போட்டேன். மாட்டி, டிரைவர் எல்லாம் ஏற்றி, அதே ஃபைலைத் திறந்து, அதே பிரஷ்ஷை இழுத்தேன். துளி மாற்றம் இல்லை. என்ன நடக்கிறது என்று அன்று இரவுதான் முதல்முறையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ரேம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது. கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

அதனால் இன்றைக்கே ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் கிரிட்டாவில் 2000-க்கு 2000 பிக்சலில் புது ஃபைல் ஒன்று திறந்து, ஒரே லேயரில், 30, 40 பிக்சல் பிரஷ்ஷில் வேகமாகக் கிறுக்கிப் பாருங்கள். இதிலேயே கோடு பின்தங்கி வந்தால், கணினியின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. டூல் ஆப்ஷன்ஸில் பிரஷ் ஸ்மூத்திங் என்று இருக்கும். அது ஸ்டெபிலைசரில் இருக்கிறதா என்று பாருங்கள். கை நடுக்கத்தைச் சமன் செய்ய, ஸ்டெபிலைசர் வேண்டுமென்றே கோட்டைத் தாமதித்துப் போடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கணினியிலும் அந்தத் தாமதம் இருக்கும். இதைப் பழுது என்று நினைத்து மெஷினை மாற்றியவர்கள் உண்டு. பேசிக் என்று மாற்றிவிட்டு மறுபடி கிறுக்கிப் பாருங்கள். அப்போதும் தாமதம் இருந்தால் பேனா டேப்லெட்டின் டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாக ஏற்றுங்கள். முன்பு வேறு கம்பெனி டேப்லெட் வைத்திருந்தால் அதன் டிரைவரும் உள்ளே கிடக்கும், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். இதற்கெல்லாம் செலவே இல்லை.

சின்ன ஃபைலில் நன்றாக ஓடுகிறது என்றால், உங்களுடைய கனமான ஏ3 ஃபைல் ஒன்றைத் திறங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வழக்கம்போல வரையுங்கள். கோடு திக்கும் நேரத்தில் மெமரி 90 சதவீதத்துக்கு மேலே, டிஸ்க் 100 சதவீதத்தில் இருந்தால் ரேம் பற்றாக்குறை. இரண்டும் அமைதியாக இருந்து சிபியு மட்டும் ஏறினால் பிராசசர்தான் திணறுகிறது. எதுவுமே ஏறாமல் திக்கினால் சூடு ஒரு காரணமாக இருக்கலாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் ரேம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இந்தக் கணக்கு படம் வரைகிற எல்லாருக்கும் உதவும்.

ஏ3 அளவு 300 டிபிஐ என்றால் 3508-க்கு 4961 பிக்சல். பெருக்கினால் சுமார் ஒரு கோடியே 74 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று நாலு எண்கள்; 8 பிட்டில் எண்ணுக்கு ஒரு பைட். ஆக, முழுக்க வண்ணம் பூசிய ஒரு லேயருக்கு ஏறத்தாழ 70 எம்பி. இருபத்தைந்து லேயர் என்றால் 1.75 ஜிபி. இதற்கு மேல் அன்டூவுக்காக கிரிட்டா நினைவில் வைத்திருக்கும் பழைய நிலைகள் வேறு. இப்போது உங்கள் 8 ஜிபியில் விண்டோஸும் பின்னணி வேலைகளும் 3 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். ரெஃபரன்ஸ் படங்களுக்காக பிரவுசரில் பத்து டேப் திறந்து வைத்திருந்தால் இன்னொரு ஒன்று, ஒன்றரை ஜிபி. கிரிட்டா தன் பங்குக்கு ரேமில் பாதியை, அதாவது 4 ஜிபியை, எல்லையாக வைத்துக்கொள்ளும். அது நிரம்பினால் மிச்சத்தை டிஸ்க்கில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதும். உங்கள் டிஸ்க் சுழலும் தட்டு. பேனா வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தட்டைப் படிக்கும் தலை ஓடிப் போய்த் தேடி எடுத்து வர வேண்டும். கோடு பின்னால் வருவது அந்த ஓட்டத்தினால்தான்.

எல்லா லேயரும் 70 எம்பி தின்னாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரிட்டா படத்தை 64-க்கு 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வைக்கிறது. எதுவும் வரையாத கட்டத்துக்கு இடம் எடுக்காது. வெறும் கோட்டோவிய லேயர் மிக லேசாக இருக்கும். பின்னணி, நிழல், ஒளி, டெக்ஸ்ச்சர் என்று தாள் முழுக்கப் பரப்பிய லேயர்கள்தான் கனம்.

இதில் ஒரு விஷயத்தை உடனே பார்க்கச் சொல்கிறேன். இமேஜ் மெனுவில் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, படம் 8 பிட்டா 16 பிட்டா என்று பாருங்கள். புது ஃபைல் திறக்கும்போது தெரியாமல் 16 பிட் தேர்ந்துவிட்டிருந்தால் ஒவ்வொரு லேயரும் இரண்டு மடங்கு, 140 எம்பி. இருபத்தைந்து லேயருக்கு 3.5 ஜிபி. நீங்கள் சொன்ன "இருபதைத் தாண்டினால்" என்கிற எல்லை இந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது, அதனால்தான் எனக்குச் சந்தேகம். அதேபோல, சிவகாசி அச்சகத்தில் சிஎம்ஒய்கே (அச்சு மையின் நாலு நிற முறை) கேட்கிறார்கள் என்று ஆரம்பத்திலிருந்தே சிஎம்ஒய்கே-யில் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பிக்சலுக்கு ஐந்து எண்கள், கால் பங்கு கூடுதல் கனம். ஆர்ஜிபி-யில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) வரைந்து முடித்து, கடைசியில் ஒரு பிரதி எடுத்து மாற்றிக் கொடுப்பதுதான் நல்லது. மாற்றிய பிறகு நிறம் மங்குகிற இடங்களை அந்தப் பிரதியிலேயே சரி செய்துகொள்ளலாம். கேன்வாஸுக்குக் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் படம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கிரிட்டாவே காட்டும். அந்த எண்ணைப் பார்த்து வேலை செய்யப் பழகிவிட்டால் எந்தக் கணினியிலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது வாங்கும் பொருள்களுக்கு வருகிறேன்.

முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம், ஏனென்றால் அது உங்களோடு கூடவே வரும். 500 ஜிபி அளவில் சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி போதும். உங்கள் எச்81 போர்டில் சாட்டா போர்ட் நாலு இருக்கும். அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம். போர்டிலேயே பக்கத்தில் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் நிறமும் வேறாக இருக்கும். அந்த இரண்டில் ஒன்றில் மாட்டச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படித்தால் இது 500 எம்பிக்கு மேல் படிக்கும். இங்கொன்று அங்கொன்றாகச் சிதறிக் கிடப்பதைத் தேடி எடுப்பதில்தான் இதைவிடப் பெரிய வித்தியாசம். ஹார்ட் டிஸ்க்கால் நொடிக்கு நூறு முறை தேடி எடுக்க முடிந்தால் எஸ்எஸ்டி பல ஆயிரம் முறை எடுக்கும். விண்டோஸும் கிரிட்டாவும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். கன்ஃபிகர் கிரிட்டாவில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் அந்தத் தற்காலிக ஃபைலின் இடம் இருக்கும், அதையும் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் முடிந்துபோன வேலைகளை வைக்க இருக்கட்டும்.

எஸ்எஸ்டி போட்டதும் பிரஷ் பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கணினி ஆன் ஆவது, கிரிட்டா திறப்பது, ஃபைல் திறப்பது, ரேம் நிரம்பும்போது வரும் திக்கல் இவைதான் குறையும். சேவ் ஆகும் நேரமும் நீங்கள் நினைக்கும் அளவு குறையாது. கிரிட்டா ஃபைல் என்பது உள்ளே சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. லேயர்களைச் சுருக்கும் வேலையும், மொத்தப் படத்தை ஒன்றாக்கி உள்ளே வைக்கும் வேலையும் பிராசசருடையது. செட்டிங்ஸில் கேஆர்ஏ ஃபைலை இன்னும் அதிகமாகச் சுருக்கு என்று ஒரு டிக் இருக்கும். அது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். டீ போடும் நேரத்தில் ஒரு பகுதி அங்கேயே மிச்சமாகலாம்.

அடுத்து ரேம். உங்களுக்கு உண்மையான நிவாரணம் இதில்தான். எச்81 போர்டில் ரேம் சொருகும் ஸ்லாட் இரண்டுதான், அதிகபட்சம் 16 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் மெமரியைச் சொடுக்கினால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் உங்களிடம் ஒரே 8 ஜிபி துண்டு இருக்கிறது, இன்னொரு 8 ஜிபி வாங்கினால் போதும். இரண்டும் நிரம்பியிருந்தால் நாலும் நாலுமாக இருக்கிறது, இரண்டையும் எடுத்துவிட்டு இரண்டு 8 ஜிபி போட வேண்டும். கேட்டு வாங்க வேண்டியது டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம், வேகம் 1600. இது அடுத்த கணினிக்கு வராத பொருள், இப்போதைய பிராசசர்களுக்கான போர்டுகள் டிடிஆர்3-ஐ ஏற்காது. அதனால் பழையது வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 குவியலாகக் கிடக்கும். மற்ற ஊர்களிலும் பழைய அலுவலகக் கணினிகளைப் பிரித்து விற்கும் கடைகள் உண்டு. ரேம் என்பது தேயும் பொருள் இல்லை, நல்ல நிலையில் இருந்தால் பழையதும் புதியதும் ஒன்றுதான். ஒரு வார மாற்று உத்தரவாதம் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒண்ணுதானே" என்று விட்டால் மூன்றாவது வாரம் சேவ் செய்த ஃபைல் திறக்காது.

மாட்டியதும் கன்ஃபிகர் கிரிட்டாவில் மெமரி எல்லையை 60, 65 சதவீதத்துக்கு ஏற்றிவிடுங்கள். 16 ஜிபியில் அது 10 ஜிபியைத் தொடும். ஏ3-யில் ஐம்பது லேயருக்கு மேலே தாராளமாகப் போகலாம்.

பிராசசரை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரேம் வாங்கப் போகும் கடையில் கண்டிப்பாகச் சொல்வார்கள். இதே போர்டில் ஐ7-4790 உட்காரும், பழையது கிடைக்கும். வேண்டாம். உங்கள் ஐ5-4460 அதிகபட்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ், அது 4.0. ஒரு கோடு இழுக்கும்போது பெரும்பாலும் வேலை செய்வது ஒன்றிரண்டு கோர்தான் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்பதால் உங்கள் கைக்குத் தெரியும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குக் கொடுக்கும் பணம் முழுக்க இந்தப் போர்டோடு போய்விடும். கிராபிக்ஸ் கார்டும் இப்போது வேண்டாம். கிரிட்டா அதைப் பயன்படுத்துவது திரையில் படத்தைக் காட்ட, பெரிதாக்க, திருப்ப. பிரஷ்ஷைக் கணக்குப் போடுவது பிராசசர். ஃபுல் எச்டி திரைக்கு உங்கள் பிராசசரோடு வந்த கிராபிக்ஸே போதும். பிளெண்டரில் முப்பரிமாண வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே கிராபிக்ஸ் கார்டுதான் ராஜா, ஆனால் அதை இந்த மெஷினில் போடுவதைவிட அடுத்த மெஷினுக்குக் காத்திருப்பது மேல்.

பிரஷ் அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு, எனக்குப் பிடித்தது. கணினி கோட்டை ஒரே இழுப்பாக வரைவதில்லை. வட்ட முத்திரைகளை அடுத்தடுத்துக் குத்திக்கொண்டே போகிறது. 100 பிக்சல் பிரஷ் என்றால் ஒரு முத்திரையில் ஏறத்தாழ 7,850 பிக்சல். 1000 பிக்சல் பிரஷ் என்றால் 7 லட்சத்து 85 ஆயிரம், நூறு மடங்கு. இடைவெளியும் பிரஷ்ஷின் அளவுக்கு ஏற்ப விரிவதால் முத்திரைகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அதே நீளக் கோட்டுக்குப் பத்து மடங்கு வேலை. ஸ்பேசிங், அதாவது அந்த இடைவெளி, 0.05 என்று இருக்கும் பிரஷ்ஷை 0.1 ஆக்கினால் வேலை பாதியாகிவிடும், மென்மையான பிரஷ்ஷில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பெரிய வானம், பெரிய நிழல் எல்லாம் பாதி அளவு ஃபைலில் பூசிவிட்டுப் பிறகு பெரிதாக்கலாம். அகலம், உயரம் இரண்டும் பாதியானால் மெமரி கால் பங்குதான். நான் இன்றைக்கும் ரஃப் ஸ்கெட்ச்சும் நிறத் திட்டமும் 150 டிபிஐ-யில்தான் முடிக்கிறேன், புது மெஷின் வந்த பிறகும்.

இப்போது சூடு. நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் மத்தியானம், மாடி அறை, மின்விசிறி மட்டும். பத்து வருஷமாகத் திறக்காத கேபினட். பிராசசர் 90 டிகிரியைத் தாண்டி 100-ஐ நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி மத்தியானம் திக்கினால் இதுதான். எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்க்கலாம்.

சுத்தம் செய்வது நீங்களே செய்யக்கூடியதுதான். பத்து நிமிஷம் ஓடவிட்டு, கணினியை நிறுத்தி, மின் வயரைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க ஸ்குரு இரண்டைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை இழுங்கள். முதலில் ஓட விடச் சொன்னதற்குக் காரணம், சூட்டில் பழைய தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் இளகும். குளிர்ந்த நிலையில் இழுத்தால் சில சமயம் ஒட்டிக்கொண்டு வராது. இன்டெல் ஃபேனுக்கு நாலு மூலையில் நாலு கறுப்பு ஊசிகள் இருக்கும். தலையில் உள்ள அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் வந்துவிடும். ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். புளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறுமனே சுற்ற விடாதீர்கள். பிராசசர் மேல் இருக்கும் பழைய பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்திருக்கும். அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஊசிகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நாலும் "டக்" என்று உட்கார வேண்டும். கையோடு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பத்து வருஷமானால் அது தீர்ந்திருக்கும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போவதைப் பார்த்து போர்டே போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நாணயம் அளவு பேட்டரிதான் காரணம்.

திறந்திருக்கும்போதே போர்டில் உள்ள உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள், எஸ்எஸ்டியைத் தவிர. அந்தப் போர்டுக்கு நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். அதேபோல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சளாக எச்சரிக்கை காட்டினால், அல்லது டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் படங்களை வேறொன்றில் பிரதி எடுங்கள். மெஷின் போனால் வேறு வாங்கலாம், நாலு வருஷம் வரைந்ததை யார் தருவார்கள்?

விண்டோஸ் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதை மறைக்க முடியாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள். உங்களுடையது நான்காம் தலைமுறை. சுற்றுவழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். ஏறும், ஓடவும் ஓடும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வரும் என்று உறுதி இல்லை. சோறு போடும் மெஷினில் நான் அதைச் செய்யமாட்டேன்.

நீங்கள் கிரிட்டாவில் வரைவதால் உங்களுக்கு ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது: லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம். கிரிட்டா கேடிஇ என்ற திறமூல மென்பொருள் குழுவினர் இலவசமாகத் தருவது, லினக்ஸிலும் அதே கிரிட்டாதான், குறைத்துக் கொடுத்தது இல்லை. உங்கள் ஃபைல்களும் பிரஷ்களும் அப்படியே வரும். வாகாம் டேப்லெட் என்றால் டிரைவர் லினக்ஸிலேயே இருக்கிறது, சொருகினால் வேலை செய்யும். மற்ற கம்பெனி டேப்லெட் என்றால் ஓப்பன்டேப்லெட்டிரைவர் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், கணினியில் எதையும் தொடாது. போட்டோஷாப்போ கிளிப் ஸ்டுடியோவோ இல்லாமல் முடியாது என்றால் இந்த வழி இல்லை, இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்? போர்டின் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால். முப்பரிமாணம், அனிமேஷன் என்று வேலை நகர்ந்தால். வாடிக்கையாளர் போட்டோஷாப்பின் இப்போதைய பதிப்பில்தான் ஃபைல் வேண்டும் என்று நின்றால். 4கே பேனா டிஸ்பிளே வாங்க ஆசை இருந்தால். உங்கள் போர்டின் எச்டிஎம்ஐ 4கே-யை நொடிக்கு 30 முறைக்கு மேல் காட்டாது, பேனா ஓட்டத்துக்கு அது போதவே போதாது. இதே கேள்வியை லேப்டாப் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் நான் இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பேன். ரேம் போர்டிலேயே பற்ற வைத்திருந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை.

மாற்றும் நாள் வந்தால் கடையில் புத்தம் புதியதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பெரிய அலுவலகங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்கள் நல்ல நிலையில் சந்தைக்கு வருகின்றன. ஐ5-8500 போட்ட ஒன்று கிடைத்தால் படம் வரைய அருமையான மெஷின்: ஆறு கோர், 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை, டிடிஆர்4, விண்டோஸ் 11 முறையாக ஏறும். "ஐ7 இருக்கு சார், பவர்ஃபுல்" என்ற பேச்சில் மயங்காதீர்கள். பிராசசர் பெயரில் ஐ7-க்கு அடுத்த சிறு கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை. ஐ7-2600 என்பது 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை. 2017-ல் வந்த ஐ3-8100 ஒரு கோடு இழுக்கும் வேலையில் அதைவிட வேகம். கேபினட் மிகச் சின்னதாக இருந்தால் யோசியுங்கள். அதில் சாதாரண எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பொருந்தாது, கிராபிக்ஸ் கார்டும் குட்டை வகைதான் போடலாம். ரேம் 16 ஜிபியாக உள்ளதையே தேடுங்கள். 2025 கடைசியிலிருந்து சிப் கம்பெனிகள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு உற்பத்தியைத் திருப்பியதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்பது இப்போது லாபமான வழி இல்லை.

எஸ்எஸ்டி, பழைய ரேம், பேஸ்ட், பேட்டரி எல்லாம் போக உங்கள் 20,000-ல் பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டும். அதை மானிட்டரில் போடுங்கள் என்று சொல்வேன். நீங்கள் கேள்வியில் சொல்லவே இல்லாத பொருள் அது. 2015-ல் கணினியோடு சேர்த்துக் கொடுத்த மானிட்டர் என்றால் பெரும்பாலும் டிஎன் பேனல், பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் வகைத் திரை. தலையைக் கொஞ்சம் மேலே கீழே அசைத்தால் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் தோல் நிறம் நீங்கள் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் (கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத வகை), எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற வரம்பு) 99 சதவீதம் என்று போட்டது, அடுத்த கணினிக்கும் அதற்கடுத்த கணினிக்கும் வரும். வந்ததும் பிரைட்னஸை நூறில் வைக்காதீர்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை குறையுங்கள். அச்சில் அட்டை இருட்டாக வந்துவிட்டது என்று நாம் அச்சகத்தைக் குறை சொல்வதில் பாதி, நம் திரை கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் இருப்பதால் வருவது.

இன்றைக்கே எதையும் ஆர்டர் போட வேண்டாம். கனமான ஒரு ஃபைலைத் திறந்து வைத்து மூன்று விஷயம் மட்டும் குறித்து அனுப்புங்கள்: கிரிட்டா ஸ்டேட்டஸ் பாரில் காட்டும் மெமரி அளவு, படம் 8 பிட்டா 16 பிட்டா, டாஸ்க் மேனேஜரில் எத்தனை ஸ்லாட். 16 பிட் என்று வந்தால் அதை 8 பிட்டாக மாற்றி ஒரு வாரம் வரைந்து பாருங்கள், ரேம் வாங்கும் செலவே தள்ளிப்போகலாம். எந்த ரேம், ஒன்றா இரண்டா என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.